தாம்பரம் என்று சொல்லி வந்தவன்

கார் இருக்கைகள் செய்யும் கம்பெனி ஒன்று புனேயிலிருந்து பதினோரு பேரை ஒரகடத்துப் புதுத் தொழிற்சாலைக்கு மாற்றியது. அவர்களில் ஒருவன் ஜெபசீலன். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து, தேறாதவற்றைக் கழித்துவிடும் பிரிவில் உதவி மேனேஜர். வயது நாற்பத்துநான்கு. மனைவி பியூலா. மகள் ஜெரூஷா ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டியவள்.

வீடு பார்ப்பதற்குக் கம்பெனி ஒரு வாரம் விடுமுறை கொடுத்தது. பியூலாவின் அண்ணன் டேனியல் அஸ்தினாபுரத்தில் இருந்தார், வங்கி அதிகாரி. அவர் வீட்டில் தங்கிக்கொண்டு, அவருடைய ஸ்கூட்டரிலேயே தினமும் ஒரு பக்கம் போய் வந்தான் ஜெபசீலன். குரோம்பேட்டையில் ஒன்று, பெருங்களத்தூரில் இரண்டு, கூடுவாஞ்சேரியில் ஒன்று. எல்லாமே அடுக்குமாடி. கூட மாற்றலாகி வந்தவர்கள் எல்லாரும் இந்த மாதிரி இடங்களில்தான் பேசி முடித்திருந்தார்கள். இவனுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இவன் கேட்டது, இங்கிருந்து ஒரகடம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான். புனேயில் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. மகள் எழுவதற்குள் கிளம்பி, அவள் பாடமெல்லாம் முடித்துப் புத்தகத்தை மூடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தே பத்து வருடம் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், படப்பையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினான். காய்கறிக் கடைகள், அடகுக்கடை, உர மூட்டை ஏற்றிய டிராக்டர், ஷேர் ஆட்டோவுக்குக் காத்துநிற்கும் கம்பெனிப் பெண்கள். டீக்கடைத் தூணில் 'மாடி வீடு வாடகைக்கு' என்று ஓர் அட்டை தொங்கியது. பின்தெருவில்தான், போய்ப் பாருங்கள் என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் லோகநாதனுக்கு அறுபதைத் தொடும் வயது. கைலியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்துவிட்டார். மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால், வெளியே அகலமான மொட்டைமாடி. பின் ஜன்னலைத் திறந்தால் ஏரி. பாதி ஏரியில் தண்ணீர் கிடந்தது, மீதிப் பாதியில் மாடுகள் மேய்ந்தன. காற்று நேராக ஹாலுக்குள் வந்தது.

"போர் தண்ணி தம்பி, உப்பு கெடையாது. மழ இல்லாத வருசம்கூட வத்தினதில்ல" என்றார் லோகநாதன்.

அவர் மனைவி தாயாரம்மாள் படிக்கட்டின் கீழே நின்றபடி, "கொழந்த எத்தினியாவது படிக்குது?" என்று கேட்டார். பிறகு அவன் பெயரைக் கேட்டுவிட்டு, "கிறிஸ்டீனுங்களா? சர்ச்சு மெயின்ரோட்டாண்டயே கீது. நடந்தே போவலாம்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் விசாரிக்கவில்லை.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று ஜெபசீலன் லோகநாதனைக் கேட்டான்.

"நெலம் இருந்திச்சு. ரோடு போட எடுத்துக்கினாங்க. அதுல வந்த துட்டுலதான் இந்த வூட்ட கட்டினேன். இப்ப ஒரகடத்துல ஒரு கம்பெனில வேல செய்றேன்."

எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று ஜெபசீலன் கேட்கவில்லை. அங்கே நின்றபடியே மனசுக்குள் கணக்குப் போட்டான். ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டான். யாரிடமும் கலந்து பேசாமல் அவன் எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

டேனியலுக்கு இது பிடிக்கவில்லை. "படப்பையா? ஏன் மச்சான், நம்ம ஆளுங்க யாராவது அங்கே இருக்காங்களா? ஜெரூஷாவை நினைச்சுப் பார்த்தீங்களா?" என்றார். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவரே ஒரு வழியும் சொன்னார். "சரி, யாராவது கேட்டா தாம்பரம்னு சொல்லிடுங்க. தாம்பரம் பக்கம்தானே. பொய்யும் இல்லை."

ஜெபசீலன் சிரித்து வைத்தான்.

ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, தொழிற்சாலை வாசலில் நீலச் சட்டையும் தொப்பியும் போட்ட செக்யூரிட்டி ஒருவர் இவன் ஸ்கூட்டரை நிறுத்தினார். பார்த்தால் லோகநாதன். இருவருமே ஒரு கணம் திகைத்துப்போனார்கள். அடுத்த கணம் லோகநாதன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். உதட்டோரம் மட்டும் சிரிப்பு.

அன்று மத்தியானம் கேன்டீனில், புனேயிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எங்கே வீடு அமைந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தம் வீட்டு பால்கனியிலிருந்து மலை தெரிகிறது என்றார். இன்னொருவர் கிளப் ஹவுஸைப் பற்றிச் சொன்னார். "உங்களுக்கு எங்கே?" என்று ஜெபசீலனைக் கேட்டபோது காலையில் பார்த்த நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. கேட்டில் நிற்கிறவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"தாம்பரம்" என்றான். "வெஸ்ட் தாம்பரம். முடிச்சூர் ரோடு."

சொன்னபிறகு சாம்பார் சாதத்தை வேகமாகச் சாப்பிடத் தொடங்கினான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அது அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

காலையில் கேட்டில் சந்தித்ததை லோகநாதன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்து, "பாத்தீங்களா தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. அங்க நான் சார்னுதான் கூப்புடுவேன். தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். கீழே போய் தாயாரம்மாளிடமும் அதைப் பெரிய தமாஷாகச் சொல்லிச் சிரித்தது மாடிவரை கேட்டது.

பியூலாவுக்கும் ஜெரூஷாவுக்கும் அந்த வீடு பிடித்துப்போனது. பியூலா அங்கிருந்த ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். ஜெரூஷா கீழ் வீட்டுச் சமையலறையில் பாதி நாளைக் கழித்தாள். ஆறு மணிக்கெல்லாம் ஜெபசீலன் வீட்டில் இருந்தான். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவன் விரும்பி வந்த வாழ்க்கை கையில் இருந்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு உடல் உழைப்பு வேண்டியிருக்கிறது என்று அவனுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகத்தான் வரும். படப்பையில் ஏறினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று மழையிலும் ஸ்கூட்டரிலேயே போனான். நவம்பரில் ஒருநாள் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்தது. தொழிற்சாலைத் தலைவர் குமரவேல், "நானும் தாம்பரம் தாண்டித்தானே போகணும், வாங்க" என்று தம் காரில் ஏற்றிக்கொண்டார். மறுக்க வழியில்லை.

கார் படப்பைக் கடைவீதியில் நெரிசலில் நின்றது. இரண்டு கை தூரத்தில் பியூலாவும் ஜெரூஷாவும் காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பியூலா முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலன் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். கார் நகரும்வரை நிமிரவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஏதோ ஒரு தெருமுனையில் இறங்கி, குமரவேலுக்குக் கைகாட்டிவிட்டு, அந்தத் தெருவுக்குள் ஐம்பது அடி நடந்து போய் நின்றான். கார் மறைந்ததும் திரும்பி வந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பை வந்து சேர்ந்தான்.

"அப்பா, இன்னைக்கு ஒரு வெள்ளைக் கார்ல போனீங்களா?" என்று ஜெரூஷா கேட்டாள்.

"இல்லையே."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் அவன். அடுத்த நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடச் சிரிப்போடு போயிருக்கும். சொல்லவில்லை.

பிப்ரவரியில் அது நடந்தது. கார் கம்பெனியிலிருந்து தரச் சோதனைக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். விடியற்காலையிலேயே கிளம்பிய அவசரத்தில் ஜெபசீலன் சாப்பாட்டு கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் ஒரு மணி. வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவதற்காகக் குமரவேலும் ஜெபசீலனும் இன்னும் மூன்று மேனேஜர்களும் வரவேற்பறையில் நின்றிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லோகநாதன் உள்ளே வந்தார். கையில் கேரியர். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் கேரியர் அது. மூடியில் ஜெபசீலன் – பியூலா என்று பெயர் வெட்டியிருக்கும்.

"தம்பி, மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க. காத்தால நான் கெளம்பறப்ப நம்ம வூட்டு மாடியிலேர்ந்து டீச்சரம்மாதான் குடுத்தாங்க" என்றார். கூட்டத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. தம்பி என்று கூப்பிட்டது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

குமரவேல் திரும்பினார். "யார் இவர்? கேட்ல இருக்கிறவர்தானே? ஜெபசீலன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

எல்லாரும் ஜெபசீலனைப் பார்த்தார்கள். வந்திருந்த நால்வரில் ஒருவர் லேசாகப் புன்னகை செய்தார்.

"இல்லை சார்" என்றான் ஜெபசீலன். "வேற யாரோன்னு நினைச்சிட்டார் போல."

அந்த வாக்கியத்தைச் சொன்னது தன் வாய்தானா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறான். அவ்வளவு தெளிவாக, தடுமாற்றமே இல்லாமல் வந்தது.

லோகநாதன் அவனைப் பார்க்கவில்லை. கேரியரைப் பார்த்தார். மூடியின் மேல் கையை விரித்து வைத்தார். எழுத்துகள் மறைந்துபோயின.

"மன்னிச்சிக்கோங்க சார். ஆள் மாறிப்போச்சு" என்றார். பின்பக்கமாகவே நடந்து, முதுகால் கதவைத் தள்ளி வெளியே போனார்.

அன்று ஹோட்டலில் ஜெபசீலனுக்கு முன்னால் வைத்த பிரியாணியை அவன் கிளறிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கேரியர் மேஜையில் இருந்தது. "மீட்டிங்ல இருந்தீங்களாமே. உள்ளே விடலைன்னு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திட்டுப் போறார், பாவம்" என்றாள் பியூலா. "என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ சாப்பிட்டேன்."

குளித்துவிட்டு வந்து, ஆறிப்போன அந்தச் சோற்றையும் வாழைக்காய் வறுவலையும் ஒரு பருக்கை விடாமல் தின்றான். ஏன் அப்படித் தின்கிறான் என்று பியூலாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் கேட்டில் வேறொருவர் நின்றார். அதற்கடுத்த நாளும். லோகநாதனுக்கு உடம்பு சரியில்லை போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கீழ் வீட்டில் போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, கழித்துப்போட்ட உதிரிபாகங்களை எடை போட்டுக் கையெழுத்திடத் தொழிற்சாலையின் பின்பக்க ஸ்கிராப் யார்டுக்குப் போனான். தகரக் கூரை ஒன்றின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் லோகநாதன் உட்கார்ந்து லாரி நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் இரும்புக் குவியல். வெயில் அதன்மேல் பட்டு முகத்தில் அடித்தது.

அவர் எழுந்து சல்யூட் அடித்தார். "சார்."

"இங்கே எப்படி..."

"காண்டிராக்டர் மாத்திட்டாரு. கேட்ட வுட்டுட்டு உள்ள வந்தது தப்பு இல்ல சார்? அதும் பெரிய ஆளுங்க வந்திருக்கிறப்ப. தப்பு என்னுதுதான்." தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க சார்."

கையெழுத்துப் போட்டான். போடும்போது அவரைத் தவிர வேறு எல்லாவற்றையும் பார்த்தான்.

அதற்குப் பிறகு வீட்டிலும் லோகநாதன் அவனை சார் என்றே கூப்பிட்டார். மோட்டார் போடவா சார், கரண்ட் ஆள் வந்தாரா சார். கோபம் எதுவும் குரலில் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருக்கலாம். தாயாரம்மாளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒருநாள் அவன் ஸ்கூட்டரை உள்ளே தள்ளும்போது, "இன்னா தம்பி, இந்த மனுசன் ஒரு மாதிரியா கீறாரு. கம்பெனில எதுனா ஆச்சா? மூஞ்செல்லாம் கருத்துப்போய் வர்றாரு" என்று கேட்டார்.

"தெரியலைங்கம்மா" என்றான் ஜெபசீலன்.

அன்று மத்தியானம் கீழிருந்து ஜெரூஷாவிடம் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார் அந்த அம்மா. ஜெபசீலனுக்கு உயிர் அது. தொட முடியவில்லை.

இதிலிருந்து தப்ப அவனுக்கு ஒரே வழிதான் தோன்றியது. வேறு வீடு பார்ப்பது. பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடி வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பியூலாவை அழைத்துப்போனான். ஏழாவது மாடி. கதவைத் திறந்துவிட்டு வாட்ச்மேன் கீழே போய்விட்டார். காலி ஹாலில் அவர்கள் பேசுவது எதிரொலித்தது.

"எதுக்கு இது?" என்றாள் பியூலா. "அங்கே என்ன குறை? நீங்கதானே தேடிப் பிடிச்சீங்க. நான் ஸ்கூல்ல சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. ஜெரூஷா இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறா."

ஏதேதோ காரணம் சொல்லப் பார்த்தான். எல்லாம் அந்த வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தன. கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு முழுவதையும் சொன்னான். கேன்டீனில் சொன்னது, ஷூ லேஸ், கேரியர், ஸ்கிராப் யார்டு.



"அந்த கேரியரை எடுத்துட்டுப் போகமாட்டேன்னுதான் அவர் சொன்னார்" என்றாள் பியூலா. "கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாதும்மா, திட்டுவாங்கன்னார். நான்தான், சுகர் இருக்கிற மனுஷன், நேரத்துக்குச் சாப்பிடலைன்னா தலை சுத்தும், எப்படியாவது கையில சேர்த்திடுங்கன்னு கெஞ்சினேன். உங்களுக்காகத்தான் உள்ளே வந்தார்."

ஜெபசீலன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எங்கேயும் வரலை. நீங்க ஓடணும்னா ஓடுங்க. தினமும் அந்த அம்மா முகத்துல முழிக்க நானாவது இருக்கேன்" என்று சொல்லிவிட்டு பியூலா லிப்டை நோக்கி நடந்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெபசீலன் குமரவேலின் அறைக்குப் போனான். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றபடியே சொன்னான். தான் இருப்பது படப்பையில். லோகநாதனின் வீட்டு மாடியில். அன்று அவர் ஆள் மாறி வரவில்லை, பொய் சொன்னது தான்தான். அவரைத் திரும்ப கேட்டுக்கே போட வேண்டும்.

குமரவேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ஜெபசீலன் பிற்பாடு நினைத்தான்.

"இதுக்கா ஜெபசீலன்? நான் கேட்டது, செக்யூரிட்டி எப்படி ஆடிட் நேரத்துல உள்ளே வந்தார்னு. தெரிஞ்சவர்னு நீங்க சொல்லியிருந்தா சரின்னு விட்டிருப்பேன். நீங்க படப்பையில இருந்தா என்ன, பல்லாவரத்துல இருந்தா என்ன? எனக்கு அதைப் பத்தி என்ன?"

தன்னைத் தவிர வேறு யாருக்குமே அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. பத்து மாதம் எதற்காகக் குனிந்து ஒளிந்தானோ, அதை இந்த மனிதர் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்கக்கூட மாட்டார். ஜெபசீலனுக்குக் காது மடல்வரை சுட்டது. குமரவேல் காண்டிராக்டருக்குப் போன் செய்தார். கேட்டுக்கு ஆள் போட்டாயிற்று, வேண்டுமானால் அடுத்த மாதம் மாற்றித் தருகிறேன் என்றார் காண்டிராக்டர்.

அன்று சாயங்காலம் ஜெபசீலனும் பியூலாவும் கீழே போனார்கள். லோகநாதன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். தாயாரம்மாள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜெபசீலன் தரையிலேயே உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்ததுமே லோகநாதன் பதறினார். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? வுடுங்க. டீ போடு தாயாரு."

அவர் ஏன் பதறுகிறார் என்று ஜெபசீலனுக்கு அப்போது விளங்கவில்லை. மனசில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் சொல்லிக்கொண்டே போனான். தெரியாது என்று தான் சொன்னதை, அவர் கேரியரை மூடிக்கொண்டு வெளியே போனதை, அதனால் அவரை இரும்புக் குவியலுக்கு நடுவில் உட்காரவைத்திருப்பதை. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது லோகநாதன் தலையைக் குனிந்திருந்தார். தன் மனைவிக்குத் தெரியக்கூடாது என்று அவர் இத்தனை நாளாகப் பொத்தி வைத்திருந்ததை அந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே இவன் போட்டு உடைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இரண்டாம் தடவையாக அவரைக் கூசவைத்துவிட்டோம் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

தாயாரம்மாள் கீரையைக் கீழே வைத்தார். ஜெபசீலனைப் பார்க்காமல் கணவரிடம் பேசினார்.

"ஸ்டோர்ல வேல மாத்திக் குடுத்துட்டாங்கன்னு சொன்ன. ஃபேன் கீதுன்ன."

"ஆமா, இன்னா பண்றது."

"இது நீ கட்டின வூடு. உன் வூட்டுல குடியிருக்கிற ஆளு உன்ன யாருன்னே தெரியாதுன்றாரு. அவருக்கு நீ சல்யூட் வேற அடிக்கிற."

"சல்யூட்டு சம்பளத்துக்கு அடிக்கிறது" என்றார் லோகநாதன். "அவருக்கு நான் அடிக்கல. அன்னிக்கி அவர காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு தோணிச்சு, வந்துட்டேன். அவ்ளோதான். இத்தோட வுட்டுடு."

"அடுத்த மாசம் கேட்டுக்கே மாத்திடறேன்னு சொல்லியிருக்காங்க" என்றான் ஜெபசீலன்.

"வேணாம் சார். இங்கயே இருக்கட்டும். கேட்டாண்ட நின்னா தெனமும் ரெண்டு பேரும் மூஞ்சப் பாத்துக்கணும். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

பியூலா தாயாரம்மாளின் கையைப் பிடிக்கப் போனாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிடிமானமும் இல்லாமல் வைத்திருந்தார்.

"நெலத்த எடுத்துக்கினப்பகூட இந்த மனுசன் இப்டி தலையத் தொங்கப்போட்டு நான் பாத்ததில்ல" என்றார் தாயாரம்மாள். "போங்க தம்பி. மேல போங்க. பாப்பாவுக்குப் பரீட்சை வருது. அது முடியட்டும். அப்புறம் யோசிக்கலாம், இருக்கிறதா போறதான்னு."

மாடிப்படி ஏறும்போது பியூலா அழுதாள். ஜெபசீலனுக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கினான். படப்பை ஸ்டாப்பில் ஏறினான். முதல் நாள் ஒருவர், "நீங்க இங்கேயா?" என்றார். "ஆமாம், பின்தெருவில்தான். லோகநாதன்னு நம்ம ஸ்கிராப் யார்டில் இருக்காரே, அவர் வீட்டு மாடி" என்றான். கேட்டவர் ஓ என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார். டேனியலிடமும் போனில் சொன்னான், இனிமேல் யார் கேட்டாலும் படப்பை என்றே சொல்லுங்கள் என்று. டேனியலுக்கு எதற்கு இந்தத் திடீர் வீம்பு என்று புரியவில்லை. ஸ்கிராப் யார்டுத் தகரக் கூரையின் கீழ் ஒரு ஃபேன் போடச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவில் மூன்று முறை எழுதிக் கேட்டான். மூன்றாவது முறை வந்து மாட்டினார்கள்.  ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, லோகநாதன் எழுதிக்கொண்டிருந்தார். அந்த 'சார்' மட்டும் மாறவில்லை. மாறும் என்று எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவனும் பழகிக்கொண்டான்.

ஜெரூஷாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பரீட்சை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, அன்றைக்கு வெள்ளைக் காரில் போனது நான்தான் என்றான். "தெரியும்ப்பா" என்றாள் அவள். "உங்க தலை தெரிஞ்சுது. அம்மாகிட்ட நான் சொல்லலை." அவ்வளவு நாள் மகள் தனக்காக மறைத்திருக்கிறாள் என்று நினைக்கும்போது அவனால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. கீழிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. பியூலா அட்டைப்பெட்டிகள் இரண்டை வாங்கி, பரணில் இருந்த சாமான்களை அதில் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். சொல்லும்வரை காத்திருந்து, சொன்னபிறகு திணறக் கூடாது என்றாள். மே மாதம் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை ஜெபசீலன் தானே இறங்கிப் போனான். போன வருடம் இதே வீட்டை அவன் தேர்ந்தெடுத்தபோது அவனுக்கு யாருடைய சம்மதமும் தேவைப்பட்டிருக்கவில்லை. இப்போது படிக்கட்டின் கீழே கைகட்டி நின்றான்.

தாயாரம்மாள் பெரிய அண்டாவில் கூழ் கிளறிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்.

"பரீட்சை முடிஞ்சுதுங்கம்மா" என்றான்.

"தெரியும். பாப்பா சொல்லிச்சு. கணக்குலதான் கொஞ்சம் பயமா கீதுன்னிச்சு."

"நாங்க இங்கேயே இருக்கலாமான்னு கேட்க வந்தேன்."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. துடுப்பில் ஒட்டியதை அண்டா விளிம்பில் தட்டினார். உள்ளே திரும்பிப் பார்த்தார். லோகநாதன் செய்தித்தாளைக் கீழே வைக்காமல் லேசாகத் தலையசைத்தார்.

"இருங்க" என்றார் தாயாரம்மாள். பிறகு, "மொட்டமாடியில ஏரிப் பக்கமா கட்டியிருக்கிற கொடிய அவுத்துடுங்க. வடாம் புழியணும், அங்கதான் நாலு நாளைக்கு வெயிலு நல்லா அடிக்கும். துணிய இந்தாண்ட பக்கம் காயப் போடுங்க" என்றார்.

"சரிங்கம்மா."

அவன் மேலே போனான். பியூலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"இருங்கன்னாங்க."

"வேற எதுவும் சொல்லலையா?"

"கொடியை அவிழ்க்கச் சொன்னாங்க. வடாம் போடணுமாம்."

பியூலா அட்டைப்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். ஜெபசீலன் முடிச்சை அவிழ்க்க முயன்றான். கயிறு வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகிப்போயிருந்தது. கத்தி எடுத்து வரவா என்று பியூலா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.